பதில் வராத அப்ளிகேஷன்!

வேலைக்கு அப்ளிகேஷன் போட்டுவிட்டு, 'வருந்துகிறோம்' என்று ஒரு வரி பதில்கூட வராமல் பல்லைக் கடித்த அனுபவம் உங்களுக்கு உண்டா? அப்படியானால் ஜாக் சார்ல்டன் உங்க கட்சி சார்!

வருஷம் 1977. இங்கிலாந்து கால்பந்து டீமின் மேனேஜர் டான் ரெவி, திடுதிப்பென்று வேலையை உதறிவிட்டு வளைகுடாப் பக்கம் பறந்துவிட்டார். நாற்காலி காலி. ஜாக் அப்ளிகேஷன் போட்டார். தகுதியா? 1966-ல் உலகக் கோப்பை ஜெயித்த டீமில் ஆடியவர். ஒரே கிளப்பில் 21 வருஷ சர்வீஸ். மேனேஜரான முதல் வருஷமே தன் டீமை சாம்பியனாக்கி, 'அந்த வருஷத்தின் சிறந்த மேனேஜர்' விருதும் வாங்கியவர். இதற்கு மேல் என்ன வேண்டும்?

கால்பந்து சங்கம் என்ன பதில் போட்டது தெரியுமா? ம்ஹூம்... பதிலே போடவில்லை. 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்று ஒரு கார்டுகூட இல்லை.

'இனிமே இந்த வேலைக்கு நான் ஜென்மத்துக்கும் மனு போட மாட்டேன்' என்று தீர்மானித்துவிட்டார் ஜாக். தீர்மானம் கடைசிவரை மாறவில்லை. ஆனால் கணக்கு பாக்கி இருந்தது. அதைத் தீர்க்கப் பதினோரு வருஷம் ஆயிற்று. அந்தக் கதைக்கு அப்புறம் வருவோம்.

இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில் ஆஷிங்டன் என்று ஓர் ஊர். நிலக்கரிச் சுரங்கம்தான் ஊரின் சோறு. 1935 மே 8-ம் தேதி ஜாக் அங்கே பிறந்தார். அப்பா பாப், சுரங்கத் தொழிலாளி. அம்மா சிஸ்ஸி கால்பந்துக் குடும்பம். அவருடன் பிறந்த நாலு சகோதரர்களும் சம்பளம் வாங்கி ஆடியவர்கள். நியூகாஸில் ரசிகர்கள் தெய்வமாகக் கொண்டாடிய ஜாக்கி மில்பர்ன் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரர். வீட்டில் நாலு பையன்கள். நாலு பேருக்கும் ஒரே கட்டில்!

அந்த நாலில் இரண்டாவது, 1937-ல் பிறந்த பாபி. ஆமாம், அந்த பாபி சார்ல்டன்தான். சின்ன வயதிலேயே பந்து அவர் காலில் ஒட்டிக்கொண்டது. ஊரே 'பாபி... பாபி' என்றது. மூத்தவன் ஜாக்? நெட்டைக் கொக்கு. தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போய்விடும் ஜாதி. அறிவாளித் தம்பிக்கு அண்ணனாகப் பிறந்தவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

பதினைந்து வயதில் லீட்ஸ் யுனைடெட் கிளப் 'வந்து ஆடிக் காட்டுப்பா' என்று கூப்பிட்டது. 'எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது' என்று பையன் மறுத்துவிட்டு, அப்பா வழியில் சுரங்கத்துக்குள் இறங்கினான். கொஞ்ச நாள்தான். பூமிக்கு அடியில் அந்த இருட்டையும் தூசியையும் பார்த்த மாத்திரத்தில், 'ஐயா, ஆளை விடுங்க' என்று வெளியே வந்துவிட்டான். அடுத்து போலீஸ் வேலைக்கு மனு. இன்டர்வியூ தேதி வந்தது. அதே நாளில் லீட்ஸ் டிரையல் மேட்ச்! இன்டர்வியூவுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு மைதானத்துக்குப் போனான். போலீஸுக்கு நஷ்டம்.

1953 ஏப்ரலில் முதல் மேட்ச். அதன் பிறகு 1973 வரை அந்த ஒரே கிளப்தான். நடுவில் இரண்டு வருஷம் கட்டாய ராணுவ சேவை. லீக் ஆட்டங்கள் மட்டும் 629. லீட்ஸில் அந்த எண்ணிக்கையை வேறு யாரும் தொட்டதில்லை. கழுத்து நீளமாக இருந்ததால் பட்டப் பெயர் 'ஒட்டகச்சிவிங்கி'. டிபென்ஸ் ஆசாமி, ஆனால் லீக்கில் 70 கோல். எப்படி என்கிறீர்களா? கார்னர் கிக் வரும்போது எதிரணி கோல்கீப்பரின் மூக்குக்கு முன்னால் போய் நந்தி மாதிரி நின்றுகொள்வார். பாவம் கீப்பர், பந்தைப் பார்ப்பாரா, இவர் முதுகைப் பார்ப்பாரா? ரூலில் இதற்குத் தடை ஏதும் இல்லை. எதிரணிக்காரர்கள் பல்லைக் கடித்தார்கள்.

ஆனால் முதல் ஏழெட்டு வருஷம் மனுஷன் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஏடாகூடம், வாய்த்துடுக்கு. கூட ஆடிய டான் ரெவி ஒருநாள் முகத்துக்கு நேராகவே, 'நான் மேனேஜரா இருந்தா உன்னை டீம்ல சேர்க்கவே மாட்டேன்' என்ற ரீதியில் போட்டு உடைத்துவிட்டார். 1961-ல் அதே ரெவி அந்த கிளப்புக்கே மேனேஜராக வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? சக ஊழியரே நாளைக்கு பாஸாக வந்து உட்காரும் கொடுமை ஆபீஸ்களில் நடப்பதுதான். இருவரும் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டார்கள். பிறகு ஜாக் வழிக்கு வந்தார். லீட்ஸும் வழிக்கு வந்தது. 1969-ல் லீக் சாம்பியன், 1972-ல் எஃப்.ஏ. கோப்பை.

இங்கிலாந்து டீமுக்கு அழைப்பு வந்தபோது ஜாக்கின் வயது கிட்டத்தட்ட முப்பது! மற்றவர்கள் ரிடையர்மென்ட் பற்றி யோசிக்கிற வயது. அந்தச் செய்தி வந்த நேரமும் வேடிக்கை. 1965 எஃப்.ஏ. கோப்பை செமி ஃபைனலில் தம்பி பாபியின் மான்செஸ்டர் யுனைடெட்டை லீட்ஸ் தோற்கடித்த கையோடு விஷயம் தெரிந்தது. தலைகால் புரியாத சந்தோஷத்தில், தோற்றுப்போய் உட்கார்ந்திருந்தவர்களின் அறைக்கே ஓடினார் ஜாக். 'தம்பி, நானும் உன்னோட இங்கிலாந்துக்கு ஆடப் போறேன்!' பாபி வாழ்த்துச் சொன்னார். பக்கத்திலிருந்த இன்னொருவர் 'சரி, இப்ப எடத்தைக் காலி பண்ணு' என்றாராம். பின்னே, எழவு வீட்டில் மேளம் வாசித்தால்?

'என்னை ஏன் சார் எடுத்தீங்க?' என்று மேனேஜர் ஆல்ஃப் ராம்ஸேயிடம் ஒருநாள் வெள்ளந்தியாகக் கேட்டார் ஜாக். 'எனக்கு டீம்தான் முக்கியம். எப்பவும் சிறந்த ஆட்டக்காரர்களையே எடுக்கணும்னு அவசியமில்லே' என்கிற மாதிரி பதில் வந்தது. இது பாராட்டா, திட்டா? அதைச் சொல்லிச் சொல்லியே கடைசிவரை ஜனங்களைச் சிரிக்க வைத்தார் ஜாக்.

1966 உலகக் கோப்பை. போர்ச்சுகலுடன் செமி ஃபைனலில் பாபி இரண்டு கோல். அப்பா பாப் அதைப் பார்க்கவில்லை. அன்றைக்கு அவருக்குச் சுரங்கத்தில் ஷிப்ட்! மகன்கள் இருவரும் நாட்டுக்காக ஆடுகிறார்கள், அப்பா பூமிக்கு அடியில் கரி வெட்டுகிறார். ஜூலை 30, வெம்ப்ளியில் மேற்கு ஜெர்மனியுடன் ஃபைனல். இங்கிலாந்து 2-1 என்று முன்னணி. ஆட்டம் முடிய ஒரு நிமிஷம். ஜாக் எகிறிக் குதித்ததற்கு ரெஃப்ரி ஃபவுல் கொடுத்தார். அந்த ஃப்ரீ கிக்கிலிருந்து ஜெர்மனி கோல் போட்டு சமன் செய்துவிட்டது! கூடுதல் நேரத்தில் மட்டும் இங்கிலாந்து தோற்றிருந்தால், இந்த மனிதரின் பெயர் என்னவாகியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. நல்லவேளை, 4-2. கடைசி விசில் ஊதியதும் ஜாக் மண்டியிட்டு, முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். அன்றிரவு வெற்றிக் கொண்டாட்டத்தில் எங்கெங்கோ சுற்றி, விடியும்போது அவர் கண் விழித்தது லண்டனில் முன்பின் தெரியாத யாரோ ஒருவர் வீட்டில்.

1970-ல் இன்னொரு கூத்து. டி.வி. பேட்டியில், 'என்கிட்டே ஒரு சின்னக் கறுப்பு நோட்டு இருக்கு. ரெண்டு ஆட்டக்காரங்க பேரு அதிலே இருக்கு. ரிடையராகறதுக்குள்ளே அவங்களைக் கவனிப்பேன்' என்கிற ரீதியில் உளறிவிட்டார். ஏக ரகளை. சங்கம் விசாரணையே வைத்தது. கடைசியில் பார்த்தால் நோட்டும் இல்லை, கீட்டும் இல்லை. எல்லாம் வாய்தான்.

1973-ல் அண்ணன், தம்பி இருவரும் ஒரே சீசனின் முடிவில் ஆட்டத்திலிருந்து விலகி, ஆளுக்கொரு கிளப்புக்கு மேனேஜரானார்கள். காலால் மந்திரம் போட்ட பாபியின் பிரஸ்டன் டீம், அடுத்த வருஷமே கீழ் டிவிஷனுக்கு இறங்கிப்போனது. 'நெட்டைக் கொக்கு' ஜாக்கின் மிடில்ஸ்பரோ, இரண்டாம் டிவிஷனில் அடுத்த டீமைவிட 15 பாயிண்ட் அதிகம் எடுத்து முதலிடம். ஒரு வெற்றிக்கு இரண்டே பாயிண்ட் தந்த காலம் அது! வேலைக்குச் சேரும்போது ஜாக் போட்ட கண்டிஷன்: சம்பளம் பெரிசாக வேண்டாம், டீம் விஷயத்தில் டைரக்டர்கள் மூக்கை நுழைக்கக் கூடாது, மீன் பிடிக்க, வேட்டைக்குப் போக லீவ் வேண்டும். எந்த ஆபீஸில் சார் இப்படிக் கேட்க முடியும்?

பிறகு ஷெஃபீல்ட் வெட்னஸ்டே. மூன்றாம் டிவிஷனின் அடிமட்டத்தில் கிடந்த டீமைத் தூக்கி நிறுத்தினார். சொந்த மண்ணான நியூகாஸிலில் ஒரே சீசன்தான். ரசிகர்கள் கூச்சல் போட்டதும் 'போங்கய்யா' என்று வந்துவிட்டார். சுரங்கத் தொழிலாளர்களின் பெரிய ஸ்டிரைக் 1984-85-ல் நடந்தபோது, மறியலுக்குப் போகிறவர்களுக்குத் தன் கார்களைக் கொடுத்தார். பாப் சார்ல்டனின் பிள்ளை அல்லவா?

1986 பிப்ரவரி. அயர்லாந்து கால்பந்து சங்கம் தன் டீமுக்கு மேனேஜரைத் தேர்ந்தெடுக்க ஓட்டெடுப்பு நடத்தியது. முதலில் முன்னணியில் இருந்தவர் லிவர்பூல் ஜாம்பவான் பாப் பெய்ஸ்லி. கடைசிச் சுற்றில் எப்படியோ ஜாக் ஜெயித்தார். ஓர் இங்கிலீஷ்காரன் ஐரிஷ் டீமுக்கு மேனேஜரா! பல நூற்றாண்டுப் பகை. 'யூனியன் ஜாக்கே, ஊர் போய்ச் சேர்' என்று ரசிகர்கள் பேனர் பிடித்தார்கள். பிரிட்டிஷ் கொடியின் பெயரையும் இவர் பெயரையும் முடிச்சுப் போட்ட குறும்பு.

ஜாக்கின் வைத்தியம் எளிமையானது. பந்தை நடுவில் வைத்து அழகு காட்டாதே. எதிரணி பின்கள ஆட்டக்காரர்களின் முதுகுக்குப் பின்னால் தூக்கி அடி. அவர்கள் திரும்பி ஓடட்டும். நீ துரத்து, மூச்சுவிட விடாதே! பார்க்க லட்சணமாக இருக்காது. டப்ளின் பத்திரிகைகளில் கிழித்தார்கள். லியாம் பிரேடி என்ற கலைஞனை ஒரு மேட்ச்சில் இடைவேளைக்கு முன்பே வெளியே அழைத்தபோது எனக்கே கோபம்தான். இத்தனை வருஷம் கழித்தும் அது நியாயமாகப் படவில்லை. ஆனால் அதுவரை எந்தப் பெரிய போட்டிக்கும் தகுதி பெறாத நாடு, 1988 ஐரோப்பியக் கோப்பைக்குப் போயிற்றே!

ஆட்களை எங்கே பிடித்தார்? பாட்டி வீட்டில்! அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யாராவது ஒருவர் ஐரிஷ் என்றால் போதும் என்பது ரூல். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து கிளப்புகளில் துருவித் துருவி ஐரிஷ் பாட்டிகளைத் தேடினார்கள். அப்படி வந்த ஒருவர் ரே ஹாட்டன், ஸ்காட்லாந்தில் பிறந்தவர்.

1988 ஜூன் 12. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரம். முதல் மேட்ச்சே இங்கிலாந்துடன்! ஆறாவது நிமிஷம், ஹாட்டன் தலையால் முட்டினார். கோல். அதற்குப் பிறகு இங்கிலாந்து முட்டியது, மோதியது, கோல்கீப்பர் பாக்கி பானர் மசியவில்லை. 1-0. பதில் போடாத அந்த அப்ளிகேஷனுக்கு வட்டியும் முதலுமாகப் பதில் கிடைத்த நாள்.

1990 உலகக் கோப்பை, இத்தாலி. ஐந்து மேட்ச், மொத்தமே இரண்டு கோல், ஒரு வெற்றிகூட இல்லை... கால் இறுதி! ருமேனியாவுடன் பெனால்டியில்தான் தப்பித்தார்கள். கடைசி உதையை அடிக்கப் போனவர் டேவிட் ஓ'லியரி. நான்கு வருஷம் முன்பு, 'குடும்பத்தோட லீவுக்கு ஏற்பாடு பண்ணிட்டேன்' என்று ஒரு டூருக்கு வர மறுத்ததற்காக, ஜாக் இரண்டு வருஷத்துக்கும் மேல் ஒதுக்கி வைத்திருந்த அதே ஓ'லியரி. அடித்தார், கோல். அந்தக் கணம் ஜாக்கின் மனசில் என்ன ஓடியிருக்கும்? ரோமில் இத்தாலியிடம் 0-1 தோற்று ஊர் திரும்பினால், 35 லட்சம் ஜனத்தொகை கொண்ட நாட்டில் சுமார் 5 லட்சம் பேர் டப்ளின் தெருக்களில்!

அதற்கப்புறம் அயர்லாந்தில் ஜாக் எந்த பாரில் குடித்தாலும், அவர் தரும் செக்கை யாரும் பாங்கில் போடுவதில்லை, கையெழுத்துக்காகவே ஃபிரேம் போட்டு மாட்டிவிடுவார்கள் என்று சொல்வார்கள். அவருக்கு அதில் நல்ல மிச்சம்!

1994 அமெரிக்கா உலகக் கோப்பையில் இத்தாலியை 1-0 என்று பழி தீர்த்தார்கள். மறுபடி ஹாட்டன்தான். மெக்ஸிகோ மேட்ச்சில் கொதிக்கிற வெயிலில் அதிகாரிகளோடு மல்லுக்கு நின்று, அடுத்த மேட்ச்சுக்கு மைதான ஓரத்தில் நிற்கத் தடை வாங்கினார். 1995 டிசம்பரில் ஹாலந்திடம் தோல்வி. அதோடு ராஜினாமா. 1996-ல் அயர்லாந்து கௌரவக் குடியுரிமை கொடுத்தது.

ஊரெல்லாம் சொந்தமாக்கிக்கொண்டவருக்கு வீட்டில் மட்டும் ஒரு முள். பாபியின் மனைவிக்கும் அம்மா சிஸ்ஸிக்கும் ஒத்துப்போகவில்லை. மாமியார், மருமகள் விவகாரம் எந்த நாட்டில்தான் இல்லை? தம்பி தாயைப் பார்க்க வருவது நின்றது. 1996-ல் அம்மா போய்ச் சேர்ந்தார். அதே வருஷம் வந்த சுயசரிதையில் ஜாக் மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டார். ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்தவர்கள் வருஷக்கணக்காகப் பேசிக்கொள்ளவில்லை.

2008 டிசம்பர். பாபிக்கு பி.பி.சி. வாழ்நாள் சாதனை விருது. மேடையில் அதைக் கொடுத்தவர் ஜாக். 'நான் பார்த்ததிலேயே பெரிய ஆட்டக்காரன் இவன்தான். என் தம்பி' என்றார். பாபியின் கண்கள் கலங்கிவிட்டன.

கடைசி வருஷங்களில் ஜாக்கை மறதி நோய் பிடித்துக்கொண்டது. அப்போது எடுத்த டாகுமெண்டரியில், பழைய ஐரிஷ் மேட்ச்சுகளைப் போட்டுக் காட்டுகிறார்கள். சும்மா பார்த்துக்கொண்டே இருக்கிறார். திடீரென்று ஒரு முகத்தைக் கண்டதும் பெயர் சொல்கிறார்: பால் மெக்ராத். முழங்கால் ஆபரேஷன்கள், குடிப்பழக்கம் என்று அல்லாடிய ஆட்டக்காரர். வேறு மேனேஜராக இருந்தால் சீட்டைக் கிழித்திருப்பார்கள். ஜாக் தகப்பன் மாதிரி அணைத்துக் காப்பாற்றியவர். நல்ல ஞாபகம் இருந்த நாளிலேயே ஆட்டக்காரர்களின் பெயரை மாற்றி மாற்றிச் சொல்லிக் கேலிக்கு ஆளானவர் ஜாக் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

2020 ஜூலை 10-ல், 85 வயதில் காலமானார். கொரோனா கட்டுப்பாட்டுக் காலம். ஆனாலும் ஆஷிங்டன் தெருக்களில் ஜனங்கள் வரிசையாக நின்று வழியனுப்பினார்கள். உடல் நலமில்லாத பாபியால் வர முடியவில்லை. 2023 அக்டோபரில் அவரும் போய்விட்டார்.

அயர்லாந்தின் கார்க் விமான நிலையத்தில் ஜாக்குக்கு ஒரு சிலை இருக்கிறது. தூண்டில் சாமான்கள் சகிதம் ஹாயாக உட்கார்ந்திருக்கிறார், கையில் ஒரு சால்மன் மீன்.