சேலையை உதறினால் மென்பொருள் ஏன் சாய்கிறது?

ஆரணியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வீட்டில் பட்டுத்தறி, விற்பனை வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும். சேலையை விரித்து, முந்தானையை உதறிக் காட்டிக் கைப்பேசியில் படமெடுக்கிறார். எடிட்டிங் மென்பொருளோ பாதி வேலையில் தானாக மூடிக்கொள்கிறதாம். "கம்ப்யூட்டரையே மாத்திடலாமா?" என்று கேட்கிறார்.

அவசரம் வேண்டாம். மென்பொருள் மட்டும் மூடுகிறதா, கணினியே அணைகிறதா என்று முதலில் பாருங்கள். கணினியே அணைந்தால் பெரும்பாலும் சூடுதான் காரணம். விசிறியில் தூசு அடைத்த மடிக்கணினி, சித்திரை வெயிலில் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். மென்பொருள் மட்டும் மூடினால், டிஸ்கில் இடம் இருக்கிறதா, கிராஃபிக்ஸ் டிரைவர் பழசா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால், சந்தேகம் உங்கள் கிளிப்புகள்மேல் திரும்பட்டும்.

எனக்குப் பிடித்த விசித்திரம் இங்கேதான் இருக்கிறது. வீடியோ ஃபைலில் இருப்பவற்றில் பெரும்பாலானவை முழுப் படங்களே அல்ல. 2003-இல் வந்த எச்.264, 2013-இல் வந்த எச்.265 என்ற வீடியோ சுருக்க முறைகள் இரண்டுமே எப்போதாவது ஒரு முழு ஃபிரேமை வைத்துவிட்டு, அடுத்தடுத்த ஃபிரேம்களில் மாறியதை மட்டும் குறித்துக்கொண்டே போகும். என் அப்பாவின் மளிகைப் பற்று நோட்டில் ஒரு வரியில் விவரம் இருக்கும். கீழே பக்கம் முழுக்க 'மேற்படி, மேற்படி' என்றே ஓடும். பத்தாவது வரி புரிய முதல் வரிக்குப் போக வேண்டும். வீடியோவில் சில வரிகள் 'கீழே வருவதையும் பார்க்க' என்றுகூடச் சொல்லும். படம் பார்க்கிறவருக்கு இது தொல்லையில்லை, வரிசையாகத்தானே பார்க்கிறார்? எடிட் செய்கிறவர் நடுவில் குதிப்பார், வெட்டுவார், பின்னோக்கி ஓட்டுவார். ஒவ்வொரு குதிப்புக்கும் மென்பொருள் முந்தைய முழு ஃபிரேமைத் தேடிப்பிடித்து, அங்கிருந்து கணக்குப் போட்டு வர வேண்டும். நடுவில் ஒரு குறிப்பு பழுதானாலும் தடுமாறும்.

ஆரணிப் பட்டு இதற்குக் கடினமான சோதனை. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்றால், மடிப்பு அசைய அசைய நிறமே மாறும். ஜரிகையோ ஒவ்வொரு ஃபிரேமிலும் வேறிடத்தில் மின்னும். 'மேற்படி' போட்டு மிச்சம் பிடிக்க வழியே இல்லாமல் தகவல் குவிகிறது. வெளிச்சம் குறைந்த அறையென்றால், பல கைப்பேசிகள் நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்ற எண்ணிக்கையையும் நடுநடுவே மாற்றிக்கொள்ளும். சீரான எண்ணிக்கையை எதிர்பார்க்கும் மென்பொருளில் ஒலியும் படமும் விலகும். சிலசமயம் மென்பொருளே விழும்.

குற்றவாளி கிளிப்பைப் பிடிப்பது எளிது. பிராஜெக்ட்டை நகல் எடுத்து, பாதி கிளிப்புகளை நீக்கி ஓட்டுங்கள். விழாவிட்டால் பழுது நீக்கிய பாதியில் இருக்கிறது. அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். 64 கிளிப்பில் ஒன்றுதான் கெட்டதென்றால் ஆறே சுற்றில் அகப்படும். அதை ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் போட்டு, மாறாத ஃபிரேம் எண்ணிக்கையில் புது ஃபைலாக்குங்கள்.

இன்னொரு வழி, ப்ராக்ஸி. சிறிய நகலில் வெட்டி ஒட்டிவிட்டு, கடைசி ரெண்டருக்கு மட்டும் அசலைக் கொடுப்பது. சினிமாக்காரர்களுக்கு இது பழைய பழக்கம். 1994-இல் வந்த 'மகாநதி' ஏவிட் என்ற கணினி எடிட்டிங் மென்பொருளில் தொகுக்கப்பட்டது. இந்தியாவிலேயே அப்படி முதல் படம் என்பார்கள். அக்கால டிஸ்குகளில் இடம் கொஞ்சம். தரம் குறைத்த நகலைக் கணினியில் வெட்டி, அந்தக் கணக்குப்படி நெகட்டிவை வெட்டுவதே அன்றைய முறை. இன்று ப்ராக்ஸி ஒரு பட்டனில் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதைத் தொடுகிறோம்?

கடைசியாக ஒன்று, அவருக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். பூட்டு உடைத்த திருட்டு மென்பொருளைத் தெருக்கடையில் போட்டு வாங்கும் வழக்கம் ஊரெங்கும் உண்டு. அதற்கு அப்டேட் வராது. இன்றைய கைப்பேசியின் ஃபைலைப் பார்த்து அது திணறினால் கேட்கவும் ஆளில்லை. கேடென்லைவ், ஷாட்கட் இரண்டும் நேர்மையாகவே இலவசம். ப்ராக்ஸி வசதியும் உண்டு. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்றால் நமக்குக் கோபம் வருகிறது. நியாயமான கோபம். அசல் சேலையைக் காட்டும் வீடியோவையும் அசல் மென்பொருளிலேயே செய்துவிடலாமே!