சட்டம் படிக்கும் பிள்ளை யாருடைய பிள்ளை?

தோட்டத்துப் பிள்ளை ஒன்று சட்டக் கல்லூரிக்குத் தெரிவானால் லயம் முழுவதும் மகிழ்கிறது. "இனி நமக்கும் ஒரு லோயர் இருக்கிறார்" என்கிறோம். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலிருந்து 1977, 1981, 1983 வன்செயல்களால் விரட்டப்பட்டு, வேறிடத்தில் காடு வெட்டிப் பயிர் செய்த குடும்பங்களுக்கு இந்த ஆசை இன்னும் பெரிது. ஆனால் அந்தப் படிப்பு பிள்ளையை எப்படி மாற்றுகிறது என்று நாம் சிந்திப்பதில்லை.

எழுத்தைப் பார்க்கும் கண்

1874இல் தொடங்கிய கொழும்புச் சட்டக் கல்லூரியானாலும், பல்கலைக்கழகச் சட்டபீடமானாலும் மாணவன் முதலில் பழகுவது ஒன்றே. ஒருவர் அழுவதால் அவர் சொல்வது உண்மையாகிவிடாது. எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். ஆதாரம் என்ன, சட்டத்தின் வாசகம் என்ன என்று பார்க்க வேண்டும். நம்பி வந்தவரின் இரகசியத்தைக் காக்க வேண்டும். இவை நல்ல பழக்கங்கள். பொறுமையும் நேர்மையும் இவற்றால் வளர்கின்றன.

ஆபத்தும் இங்கேதான் உண்டு. எழுத்தை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மனிதர் மறைந்துபோகலாம். இதற்குச் சாட்சி நமது சப்ரகமுவையிலேயே இருக்கிறது.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தையோ, பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. லயத்தில் அந்தத் தாள் இருக்கவில்லை. ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவராயினர். ருவன்வெல்லைத் தொகுதியில் கோடாக்கன் பிள்ளை என்பவர் தம் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்கக் கேட்டு வழக்காடினார். உயர் நீதிமன்றம் 1951இலும், இலண்டன் பிரிவிக் கவுன்சில் 1953இலும் அவருக்கு எதிராகத் தீர்த்தன. சட்டத்தின் வாசகம் எல்லாருக்கும் பொதுவாகவே இருக்கிறது என்றனர் நீதியரசர்கள். வாசகம் பொதுவானதுதான். அடி விழுந்ததோ நம் மக்கள் மீது. மீதமிருந்த நாடற்றவர்களுக்கு வழி திறக்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது.

டர்பனில் ஒரு தமிழ்த் தொழிலாளி

காந்தி 1891இல் இலண்டனில் பாரிஸ்டரானவர். பம்பாயில் தம் முதல் வழக்கில் வாய் திறக்க முடியாமல் அமர்ந்துவிட்டார். 1894இல் தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில், முதலாளி அடித்துப் பல் உடைந்த பாலசுந்தரம் என்ற ஒப்பந்தக் கூலி, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி அவரிடம் வந்தார். காந்தி முதலில் காயத்துக்கு வைத்தியச் சான்று பெற்றார். பிறகு நீதவானிடம் அழைத்துச் சென்றார். முதலாளியைத் தண்டிப்பதைவிடப் பாலசுந்தரத்தை வேறொருவரிடம் மாற்றுவதே அவருக்கு நன்மை என்று கண்டு, அதையே முடித்துக் கொடுத்தார். சான்று தேடும் பழக்கம் படிப்பில் வந்தது. எது அந்த மனிதருக்கு உதவும் என்ற கேள்வி அவரை நேரில் கண்டதால் வந்தது.

நாம் செய்யக்கூடியது

விடுமுறைக்கு வரும் சட்ட மாணவனை விருந்தாளியாக உட்கார வைக்காதீர்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், காணி அனுமதிப் பத்திரம், சேமலாப நிதிக் கடிதம் எல்லாவற்றையும் அவன் முன் வையுங்கள். சத்தியப்பிரமாணம் செய்யும்வரை அவன் சட்டத்தரணி அல்லன். ஆயினும் வாசித்து விளக்கலாம். விண்ணப்பம் எழுதலாம். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்கு உங்களோடு வரலாம்.

கல்லூரி அவனுக்குச் சட்டத்தைக் கற்றுத்தரும். அது யாருக்கு உதவ வேண்டும் என்பதை அவன் உங்களிடம்தான் கற்க வேண்டும்.