கால் ஏன் தளர்கிறது?

எங்கள் வகுப்புக்கு ஒரு அக்கா வருவார். வயது 46. ஒரு நாள் ஒற்றைச் செருப்போடு வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, இன்னொரு செருப்பு எங்கே?" என்று கேட்டேன்.

அப்போதுதான் குனிந்து பார்த்தார். செருப்பு கழன்று விழுந்தது அவருக்குத் தெரியவே இல்லை!

"வயசாகுதுல்ல தம்பி. கால் மரத்துப் போகுது" என்றார்.

46 எல்லாம் ஒரு வயதா? பரிசோதனை செய்தார்கள். அவருக்கு இருந்தது சர்க்கரை நோய்.

மூளை சொல்வதைக் காலுக்குக் கொண்டுபோவது நரம்பு. காலில் படுவதை மூளைக்குச் சொல்வதும் நரம்புதான். ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடியே இருந்தால் நரம்பு கெடும். நீளமான நரம்பு முதலில் கெடும். அதனால் பாதத்தில் தொடங்குகிறது. முதலில் எரிச்சல். பிறகு மரமரப்பு. பஞ்சின் மேல் நடப்பது போல இருக்கும். முள் குத்தினாலும் வலிக்காது. புண் பெரிதான பிறகுதான் கண்ணில் படும். எனவே தினமும் இரவில் பாதத்தைப் பாருங்கள். விரல் இடுக்கையும் பாருங்கள். வெறுங்காலோடு நடக்காதீர்கள். அந்த அக்கா இப்போது பின்பக்கம் வார் வைத்த செருப்புப் போடுகிறார்.

30 வயது ஆகிவிட்டதா? அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைப் பரிசோதனை இலவசம்.

பி12 என்ற வைட்டமின் குறைந்தாலும் இதே மரமரப்பு வரும். நடை தள்ளாடும். இறைச்சி, மீன், முட்டை, பால், தயிரில் பி12 உண்டு. காய்கறியில் கிடையாது. பாலும் வாங்க முடியாத சைவ வீடுகளில் இந்தக் குறை அதிகம். மருந்து உண்டு. நாள் கடத்தினால் முழுவதும் குணமாகாது. ஆனால் என்ன நோய் என்றே தெரியாமல் 'சத்து ஊசி' போட்டுக் காசைக் கரைக்கிறார்களே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

குந்தி உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லையா? தொடைத் தசையில் பலம் குறைந்திருக்கலாம். வெயிலே படாமல் வீட்டுக்குள் வேலை செய்பவர்களுக்கு டி வைட்டமின் குறைவதால் இப்படி ஆவதுண்டு. தைராய்டு கோளாறும் காரணமாகலாம்.

மூட்டை தூக்குபவர்களுக்கு முதுகெலும்பு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தும். இடுப்பிலிருந்து கால்வரை வலி சுரீரென்று ஓடும்.

இரண்டு கால்களும் தளர்ந்து, சிறுநீரும் போகவில்லையா? அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

திடீரென்று ஒரு பக்கக் கையும் காலும் விழுந்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். மூளையில் ரத்தம் கட்டி அடைத்திருந்தால் கரைக்க மருந்து உண்டு. அதை 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்து வைத்து டாக்டரிடம் சொல்லுங்கள்.