ரேஷன் வந்தது, வைத்தியம் வந்தது, வாக்கு வரவில்லை

ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளிக்காரருக்கு ஒரு காலத்தில் ஜில்லா என்றால் சேலம். 1965இல் தருமபுரி மாவட்டம் பிரிந்தபோது தலைநகரம் கொஞ்சம் பக்கத்தில் வந்தது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் உருவானதும், ஐம்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போனால் கலெக்டர் ஆபீஸ். 2011இல் ஜூஜூவாடி, சென்னத்தூர், ஆவலப்பள்ளி ஊராட்சிகளோடும் மத்திகிரி பேரூராட்சியோடும் இந்த ஊராட்சியும் ஓசூர் நகராட்சிக்குள் போயிற்று. 2019இல் அந்த நகராட்சியே மாநகராட்சி ஆகிவிட்டது. அரசாங்கம் இப்படிப் படிப்படியாக வாசல்வரை வந்து சேர்ந்த ஊர் இது. வந்து பார்த்தால் வாசலில் நிற்பவர்கள் வேறு ஆட்கள்.

அன்று இது ராகிக் காடு. வானம் பார்த்த பூமியில் ராகி, நடுவே அவரை. திண்ணையில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து ஓடும். தொழிற்பேட்டைகள் அமைக்க அரசு 1971இல் தொடங்கிய சிப்காட் நிறுவனம் சில ஆண்டுகளிலேயே இங்கே நிலம் எடுத்தது. தருமபுரி மாவட்டம் தொழிலில் பின்தங்கியது என்று அறிவிக்கப்பட்டிருந்ததால் ஆலை வைப்பவருக்குச் சலுகை உண்டு. பெங்களூரோ நாற்பது கிலோமீட்டர்தான். 1980இல் அசோக் லேலண்ட் வந்தது. அதே ஆண்டில் டிவிஎஸ் 50 மொபெட் ஓசூரிலிருந்து ரோட்டுக்கு இறங்கியது. 1980களின் நடுவில் டைட்டன் கைக்கடிகாரம். அவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள், அவற்றுக்கு ஆட்கள், ஆட்களுக்கு லைன் வீடுகள்.

ஆட்சிமுறைச் சீர்திருத்தம் பற்றிப் பேச இந்த வட்டாரத்துக்கு ஒரு தனி உரிமை உண்டு. ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, லைசென்ஸ்–பர்மிட்–கோட்டா ராஜ்யத்தை எதிர்த்து 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியவர். அதற்கு வெகுகாலம் முன்பே, 1922இல் வேலூர்ச் சிறையில் எழுதிய நாட்குறிப்பில், சுயராஜ்யம் வந்த கையோடு தேர்தல் ஊழலும் பணத்தின் ஆதிக்கமும் நிர்வாகத் திறமைக் குறைவும் மக்களைப் பாடாய்ப் படுத்தும் என்று எச்சரித்தார். 1972 டிசம்பரில் அவர் மறைந்தார். அரசு நிலம் எடுத்துக் கொடுத்து, சலுகையும் கொடுத்து, அவருடைய சொந்த வட்டாரமே தொழில் நகரமாக எழுந்ததை அவர் பார்க்கவில்லை. பர்மிட் ராஜ்யம் 1991க்குப் பிறகு பெருமளவு போய்விட்டது. தேர்தல் பற்றி அவர் எழுதியதுதான் இன்னும் மிச்சமிருக்கிறது.

வைத்தியத்திலிருந்து தொடங்குவோம். இந்த ஊரில் உண்மையாகவே பெரிய மாற்றம் நடந்தது அதில்தான்.

அன்று பிரசவம் சிக்கலானால் ஓசூர் அரசு ஆஸ்பத்திரி. அங்கே கையை விரித்தால் பெங்களூர். இரவில் வண்டி கிடைப்பதே அதிர்ஷ்டம். ஆலைகள் வந்தபோது அவற்றோடு தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ. வந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் ராகிக் காட்டுக்கு வர முப்பது ஆண்டுகள் ஆயின. 1995 முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக வாங்கி அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பியது. மாத்திரையை வெளியே வாங்கச் சொல்லிச் சீட்டு எழுதும் பழக்கம் குறைந்தது. 2008இல் 108 ஆம்புலன்ஸ். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012இல் அது முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம், 2018இல் அதோடு மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் சேர்ந்தது. இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கப்பட்டது இதே மாவட்டத்தில், சூளகிரி ஒன்றியத்துச் சாமனப்பள்ளியில். 2022 ஜனவரியில் கிருஷ்ணகிரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி. இந்தப் பட்டியலில் கட்சிகள் மாறின, பெயர்ப் பலகைகள் மாறின, திட்டங்கள் நிற்கவில்லை. தமிழ்நாட்டு அரசியலை எவ்வளவு குறை சொன்னாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது.

இவற்றில் கவனிக்க வேண்டியது 2021 டிசம்பரில் வந்த இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலையில் அடிபட்டால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கட்டும். அடிபட்டவர் எந்த மாநிலம் என்று பார்ப்பதில்லை. தேசிய நெடுஞ்சாலை 44 ஓரத்தில், நைட் ஷிப்ட் முடித்து சைக்கிளில் திரும்பும் ஒடிசாக்காரருக்கும் அது உண்டு. காப்பீட்டு அட்டை எங்கே என்று அந்த நேரத்தில் யாரும் கேட்கத் தேவையில்லை.

ஓட்டைகள் இல்லாமல் இல்லை. ஈ.எஸ்.ஐ.க்கு மாதச் சம்பள உச்சவரம்பு 21,000 ரூபாய்; 2017 ஜனவரியில் வைத்தது. ஓவர்டைம் கூலியை அந்த வரம்புக்குக் கணக்கிடுவதில்லை, ஆனால் சந்தா பிடிக்கும்போது அதிலும் முக்கால் சதவீதம் பிடித்து வந்தார்கள். ஓவர்டைம் சேராத சம்பளமே கூடி 22,000 ஆகிவிட்டால் அந்தச் சந்தா காலம் முடிந்ததும் ஈ.எஸ்.ஐ. போய்விடும். சரி, முதல்வர் காப்பீடு இருக்கிறதே என்றால், அதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கம்பெனி தனியாகக் குழுக் காப்பீடு எடுக்காவிட்டால், சம்பள உயர்வு வாங்கியதாலேயே பாதுகாப்பை இழக்கிறார் மனிதர். ஒப்பந்தத் தொழிலாளி கதை வேறு. ஈ.எஸ்.ஐ. எண் ஆயுளுக்கும் ஒன்றுதான் என்பது விதி. காண்ட்ராக்டர் மாறும்போது புது எண் போட்டு விடுவது நடைமுறை. நோய்க்கால உதவித்தொகைக்கு ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாள் சந்தா வேண்டும். எண் உடைந்தால் கணக்கும் உடையும்.

இந்த ஓட்டைகளை அடைப்பதற்குத் தத்துவம் தேவையில்லை. உச்சவரம்பை விலைவாசியோடு சேர்த்து ஆண்டுதோறும் நகர்த்துவதும், ஒரு ஆளுக்கு ஒரே எண் என்பதைக் காண்ட்ராக்டர் மீறினால் அபராதம் போடுவதும் கணக்குப்பிள்ளை வேலை. இனி வருவது அப்படி அல்ல.

முதல் பொதுத் தேர்தலில், 1951–52இல், ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி. பெட்டியில் சின்னம் ஒட்டியிருக்கும். சீட்டை விரும்பிய பெட்டியில் போட்டால் போதும். எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானவர்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. அந்தத் தேர்தலின் பட்டியலில் ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர் விடுபட்டது. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்றுதான் வீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. பெயரில்லாதவரைப் பட்டியலில் சேர்க்க முடியாது என்று அன்றைய தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். பெரும்பாலும் பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கம் நடந்தது அது.

அதற்குப் பிறகு வாக்குமுறையில் செய்த சீர்திருத்தங்கள் அதிகம். 1989இல் வாக்களிக்கும் வயது 21லிருந்து 18 ஆயிற்று. 1993 முதல், அப்போதைய தலைமைத் தேர்தல் ஆணையர் சேஷனின் புகைப்பட அட்டை. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் மின்னணு இயந்திரம். 2013இல் நோட்டா. அடுத்து ஒப்புகைச் சீட்டு, முதியவர்களுக்கு வீட்டிலிருந்தே வாக்கு. வாக்குச் சாவடிக்குள் நடப்பது நன்றாகவே திருந்திவிட்டது. பிழைப்புக்காக வேறு ஊரில் இருப்பதால் சாவடிக்கு வர முடியாதவருக்குத்தான் இன்னும் வழி பிறக்கவில்லை.

2025 நவம்பர் 4ஆம் தேதி தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. சிப்காட் ஓரத்து லைன் வீடுகளில் வாக்குச் சாவடி நிலை அலுவலரான பி.எல்.ஓ. படியேறினால் பேச்சு இப்படித்தான் போகும்:

"மாடியில யாருக்கா குடி இருக்காங்க?"

"ஹிந்திக்காரப் பசங்க டீச்சர். நாலு பேரோ அஞ்சு பேரோ. ஷிப்டுக்கு ஷிப்டு ஆளு மாறும்."

"பேரு?"

"பேரெல்லாம் யாரு கேட்டா? வாடகை கரெக்டா குடுத்துடுறாங்க."

அந்த அக்காவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1952இல் வீட்டுப் பெண்ணுக்கு நேர்ந்ததுதான் இன்று மாடி வீட்டு ஆணுக்கு நேர்கிறது. ஆள் இருக்கிறார், பெயர் இல்லை. சட்டப்படி அவர் இங்கேயே பதிவு செய்துகொள்ளலாம். வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும் என்கிறது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். அதற்கு முகவரிச் சான்று வேண்டும். வாடகை ஒப்பந்தம் எழுதித்தர எத்தனை வீட்டுக்காரர்கள் சம்மதிப்பார்கள்? அதோடு ஊரில் உள்ள பெயரை விட்டுவிட வேண்டும். ஊரில் நிலம் இருக்கிறது, அம்மா இருக்கிறார், மனம் வருமா?

ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழி சுருங்கிவிட்டது. பீகாரில் இதே திருத்தம் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 65 லட்சம் பெயர்கள் இல்லை. டிசம்பரில் வந்த தமிழ்நாட்டு வரைவில் ஏறத்தாழ 97 லட்சம் இல்லை. இறந்தவர், இரட்டைப் பதிவு, இடம் மாறியவர் என்று காரணங்கள். இந்த மூன்றில் கடைசியைப் பாருங்கள். அங்கே அவர் 'இடம் மாறியவர்', இங்கே 'பேரு தெரியாது'. இரண்டும் உண்மைதான், இரண்டுக்கும் நடுவில் ஒரு குடிமகன் காணாமல் போகிறார்.

இதே ஆளுக்கு ரேஷன் உண்டு. 2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்தது. பீகார் அட்டையைக் காட்டிக் கைரேகை வைத்தால் இங்குள்ள கடையில் அரிசி. ஆயுஷ்மான் அட்டை மாநிலம் தாண்டிச் செல்லும். விபத்துக்கு 48 மணி நேரம். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட அவர் இங்கே குடியிருப்பவராகத்தான் எண்ணப்படுவார். 1971 கணக்கின்படி உறைய வைத்த மக்களவை இடங்கள் இனி எந்தக் கணக்கின்படி பிரியும் என்று தென்மாநிலங்கள் பதறுகின்றன. அந்தக் கணக்கில் தமிழ்நாட்டின் தலை எண்ணிக்கையை அவர் கூட்டுகிறார். வாக்கு மட்டும் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்.

தேர்தல் ஆணையத்துக்கு இது தெரியாமல் இல்லை. 2019இல் 30 கோடிக்கும் மேற்பட்டோர் வாக்களிக்கவில்லை என்பதைச் சுட்டி, 2022 டிசம்பரில் தொலைதூர வாக்கு இயந்திரத்தை முன்வைத்தது. ஒரே இயந்திரத்தில் 72 தொகுதிகள். பிழைக்க வந்த ஊரிலேயே சொந்தத் தொகுதிக்கு வாக்கு. 2023 ஜனவரி 16ஆம் தேதி டில்லியில் கட்சிகளுக்குச் செயல்விளக்கம் வைத்திருந்தார்கள். எதிர்க்கட்சிகள் ஆட்சேபித்தன, விளக்கம் நடக்கவில்லை. புலம்பெயர்ந்தவர் என்று யாரைச் சொல்வது? அவர்களின் பட்டியல் யாரிடம்? ஓசூர்ச் சாவடியில் பீகார் சுயேச்சை வேட்பாளருக்கு ஏஜெண்டாக யார் உட்காருவது? கேள்விகள் நியாயமானவை. பதில் தேடாமல் கோப்பை மூடியதுதான் நியாயமில்லை. பள்ளத்தாக்கை விட்டு வந்த காஷ்மீர்ப் பண்டிட்டுகளுக்கு டில்லியிலும் ஜம்முவிலும் தனிச் சாவடிகள் பல தேர்தல்களாக நடக்கின்றன. சிறிய அளவில் செய்து பார்த்த முன்மாதிரி கையில் இருக்கிறது.

எல்லையோரத்துத் தமிழர்களுக்கும் இதே வலியில் ஒரு பங்கு உண்டு. 2024இல் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19, எல்லைக்கு அப்பால் பெங்களூர் ஊரகத் தொகுதியில் ஏப்ரல் 26. மூக்கண்டப்பள்ளியில் குடியிருந்து அத்திப்பள்ளி, பொம்மசந்திரா ஆலைகளில் வேலை செய்பவருக்குத் தேர்தல் நாளில் சம்பளத்தோடு விடுமுறை சட்டப்படி உரிமை. ஆலை இருக்கும் இடத்திலோ அன்று தேர்தலே இல்லை. பெங்களூர் ஊரகத் தொகுதியில் அந்தத் தேர்தலில் வென்றவர், ஜெயதேவா இதயநோய் மருத்துவமனையைப் பல ஆண்டுகள் நடத்திய டாக்டர் சி.என்.மஞ்சுநாத். ஓசூர் நோயாளிகள் அந்த ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், வருவார்கள். அதைப் பற்றி அந்தத் தேர்தலில் கேள்வி கேட்க அவர்களுக்கு வழியில்லை.

உள்ளாட்சியில்தான் இழப்பு எல்லோருக்கும் பொது. ஊராட்சியாக இருந்தபோது மூக்கண்டப்பள்ளிக்குக் கிராம சபை உண்டு. தண்ணீர் வரவில்லை என்று தலைவரை முகத்துக்கு நேரே கேட்கலாம். நகராட்சிக்குள் போனதும் அது போயிற்று. 2016 அக்டோபரில் உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. மாநகராட்சி என்ற பட்டம் வந்ததே அந்த இடைவெளியில்தான். இப்போது 45 வார்டுகள், ஒரு மேயர், பெண்களுக்குப் பாதி இடம். 2022 நவம்பர் முதல் நகரங்களில் பகுதி சபை என்ற ஏற்பாடும் உண்டு. ஆனால் அதுவும் வாக்காளர் பட்டியலை வைத்துத்தான். மாடி வீட்டுப் பையனுக்கு அங்கேயும் நாற்காலி இல்லை. அவர் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டால் அவர் யாரிடம் போவார்?

எழுபது ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு கோடு தெரிகிறது. அரசுக்குச் செலவு வைக்கும் உரிமைகள் மனிதனைப் பின்தொடர்ந்து வந்துவிட்டன. அரசைக் கேள்வி கேட்கும் உரிமை பிறந்த ஊரிலேயே தங்கிவிட்டது. கொடுப்பது அரசுக்குச் சுலபம், கணக்குச் சொல்வதுதான் கடினம். வடக்கத்தி வாக்கு பெருகினால் உள்ளூர் அரசியல் என்னாகும் என்ற அச்சம் தமிழ்நாட்டில் இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. சொந்தத் தொகுதிக்கே வாக்களிக்கும் தொலைதூர முறை அந்த அச்சத்துக்கும் நல்ல பதில். இங்குள்ள வெற்றி தோல்வியை அது தொடாது.

தெருவுக்கு வேறு நியாயம். ஆறு மாதம் ஒரு வார்டில் வாடகை கொடுத்தவர் யாராக இருந்தாலும் பகுதி சபையில் உட்காரலாம், பேசலாம் என்று மாநில அரசு ஒரு விதி திருத்தினால் போதும். அரசியல் சட்டத்தைத் தொட வேண்டாம், டில்லியைக் கேட்க வேண்டாம். வீட்டுச் சொந்தக்காரர் கட்டும் சொத்துவரியில் அந்த வாடகையும் இருக்கிறது. வரி வசூலாகும் இடத்தில் பேச்சுரிமை தொடங்கட்டும். வாக்குரிமை பற்றிக் கட்சிகள் பேசித் தீர்க்கும்வரை பேச்சுரிமையாவது காத்திருக்க வேண்டியதில்லை.