சாம்பற் செங்கல்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதன. அவற்றுள் உண்ட உணவு அன்றே செரிக்கின்றது. உடுத்த ஆடை சில்லாண்டிற் கிழிகின்றது. கட்டிய வீடோ தலைமுறை கடந்து நிற்கின்றது. ஆதலின், அதனை எப்பொருளால் எழுப்புகின்றோம் என்னும் வினா நம்மோடு முடிவதன்று. இவ்வினாவுக்குத் திருவள்ளூர் மாவட்டம் கண்ட விடைகளுள் ஒன்று, நிலக்கரிச் சாம்பலாற் செய்யப்படும் கல். கொத்தனார் இதனை 'ஃபிளை ஆஷ் கல்' என்பர். அதன் வரலாற்றையும் இயல்பையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இம்மாவட்டத்தின் கடலோரத்தில், அத்திப்பட்டை அடுத்து, வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் அனல்மின் நிலையமும் உள்ளன. கும்மிடிப்பூண்டி உருக்காலைகள் போன்றவற்றுக்கு மின்விசை பெரிதும் வேண்டப்படுவதை யாவரும் அறிவர். ஆயின், நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது பங்கு எரியாத மண்பொருளே. மூன்று டன் கரியை எரித்தால் ஏறக்குறைய ஒரு டன் சாம்பல் எஞ்சும். இச்சாம்பலை நீரிற் கலந்து, குழாய்வழியே செப்பாக்கம் முதலிய இடங்களிலுள்ள குட்டைகளுக்குப் போக்கினர். குழாய்கள் உடைந்து ஒழுகியமையால் சாம்பற்சேறு கொசத்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்தது. 1944ஆம் ஆண்டிற் பூண்டியில் அணைகட்டி எவ்வாற்றின் நீரைச் சென்னைக்குக் குடிநீராகத் தேக்கினரோ, அவ்வாற்றின் முகத்துவாரமே இங்ஙனம் தூர்ந்தது. இறால் பிடித்து வாழ்ந்த மீனவர் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் கதவைத் தட்ட நேர்ந்தது.

நிற்க. சுட்ட செங்கல்லின் நிலையையும் நோக்குவோம். அதற்கு வேண்டுவன வளமான வண்டலும் களிமண்ணும். நெல் விளையும் மேல்மண்ணை வெட்டிச் சூளையிலிட்டு, எண்ணூறு முதல் ஆயிரம் பாகை வெப்பத்திற் சுடுகின்றனர். இழந்த மேல்மண் மீண்டும் உருவாக நூற்றாண்டுகள் செல்லும். ஒடிசாவிலிருந்து பிழைப்பு நாடி வந்த குடும்பங்கள் சூளைகளிற் கொத்தடிமைகளாய்க் கிடந்து, அரசு அலுவலரால் மீட்கப்பட்ட செய்தியும் இம்மாவட்டத்துக்குப் புதிதன்று. ஒருபுறம் வேண்டாத சாம்பல் ஆற்றைத் தூர்க்கின்றது. மற்றொருபுறம் வேண்டிய மண் வயலை விட்டு அகல்கின்றது. இவ்விரு குறைகளையும் ஒருங்கே தணிக்க முயல்வதே சாம்பற்கல்லின் சிறப்பு.

தீயின்றிச் சாம்பல் கல்லாவது எங்ஙனம் எனின், கூறுதும். இச்சாம்பலில் மணற்சத்தாகிய சிலிக்காவும் அலுமினாவும் மிகுதி. தனித்திருக்கும்போது இவை நீரில் இறுகா. சுண்ணாம்பும் ஈரமும் சேர்ந்தால் மெல்லமெல்ல வேதிமாற்றம் அடைந்து கல்லாய் இறுகும். இவ்வுண்மை பழமையானது. உரோமர் இத்தாலி நாட்டுப் பொசுவோலியில் எரிமலை உமிழ்ந்த சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தனர். அம்முறையால் அமைந்த பாந்தியன் கோயிலின் குவிமாடம் 43 மீட்டர் விட்டமுடையதாய், இரும்புக் கம்பியின் துணையின்றி, ஏறக்குறைய 1,900 ஆண்டுகளாக நிற்கின்றது. நம் நாட்டவரும் இதனை அறியாதவரல்லர். செங்கற்பொடியாகிய சுர்க்கியைச் சுண்ணாம்போடு அரைத்துச் சாந்தாக்கினர். 1895ஆம் ஆண்டில் முடிவுற்ற முல்லைப் பெரியாற்று அணை அவ்வகைச் சாந்தினாலேயே எழுந்தது. எரிமலைச் சாம்பலும் செங்கற்பொடியும் செய்த தொழிலையே இன்று அனல்மின் நிலையத்துச் சாம்பல் செய்கின்றது என்க.

இக்கல்லைச் செய்யும் முறை எளிது. சாம்பலோடு மணல் அல்லது கல்லுடைப்புத் தூளும், சுண்ணாம்பும் ஜிப்சமும், அல்லது அவற்றுக்கு ஈடாகச் சிமெண்டும் சேர்த்துப் பிசைந்து, அச்சுப்பொறியில் அழுத்தி எடுப்பர். பின்னர் இரண்டு மூன்று வாரம் நீர் தெளித்துப் பதப்படுத்துவர். சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம் என்னும் மூன்றின் கலவையை விசாகப்பட்டினத்து ஆராய்ச்சியாளரான பானுமதிதாஸ், காளிதாஸ் என்னும் இருவர் ஆராய்ந்து பரப்பினர். அச்சில் வார்த்த கல் ஒரே அளவினதாதலின், சுவர் எழுப்பவும் பூசவும் சாந்து குறைவாகவே செல்லும். 1999ஆம் ஆண்டில் நடுவணரசு சாம்பலைக் கட்டடப் பொருள்களிற் சேர்க்குமாறு ஆணையிட்டது. 2021ஆம் ஆண்டின் ஆணையோ, அனல்மின் நிலையங்கள் தம் சாம்பல் முழுவதையும் பயன்படுத்துமாறும், தவறினால் தண்டம் செலுத்துமாறும் விதித்தது.

இனி, இதன் குறைகளையும் மறைத்தல் முறையன்று. நீர் தெளிக்கும் நாட்களைக் குறைத்து அவசரமாக விற்ற கல் மழையிற் பொரியும். குட்டையில் ஊறிய சாம்பல், பொறியிற் பிடித்த உலர்சாம்பல் போல நுண்ணியதன்று. ஆதலின் இறுகும் ஆற்றலும் குறைவு. சாம்பற்றூள் நுரையீரலுக்குத் தீங்கு; தொழிலாளர் முகக்கவசமின்றி உழைத்தல் தகாது. சூளையில் நிகழ்ந்த கொடுமை அச்சுப்பொறியின் அருகிலும் நிகழாதென்பதற்குக் கல் உறுதி கூறாது. அதனைக் காப்பது சட்டமும் மக்களின் விழிப்புமே. எல்லாவற்றுக்கும் மேலாக, கல் செய்யச் சாம்பல் உதவுகின்றது என்பதனால் கரியெரித்தல் நன்றென்று கொள்ளுதல் பேதைமை. நோய்க்கு மருந்துண்டு என்பதற்காக நோயை விரும்புவாரும் உளரோ? கரியின் காலம் முடிந்த பின்னும் குட்டைகளிற் குவிந்த சாம்பல் எஞ்சியிருக்கும். அதனைத் தீர்க்கவும் இத்தொழில் வேண்டும்.

அன்பர்காள்! நாளை நம்மிற் பலர் வீடு கட்டுவோம். சிலர் பள்ளியும் மருத்துவமனையும் கட்டுவிப்போம். அப்போது சுவரின் உறுதியையும் விலையையும் மட்டும் கேளாது, 'இக்கல் எவ்வயலின் மண்? எவ்வாற்றின் சாம்பல்? எவர் கையின் உழைப்பு?' என்றும் கேட்போமாக. அவ்வினாக்களுக்கு நேர்மையான விடை தரவல்ல கட்டடமே நல்ல கட்டடம் எனப்படும்.