மடக்குக் கத்தியைத் தேர்ந்தெடுக்கும் முறை

மண்வெட்டி வாங்கச் செல்லும் குடியானவர் இரும்பைத் தட்டிப் பார்ப்பார். காம்பை அசைத்துப் பார்ப்பார். அநுபவமுள்ள நாலு பேரைக் கேட்ட பிறகே பணத்தை எடுப்பார். ஆனால், நாள் முழுவதும் மடியில் உடனிருக்கும் மடக்குக் கத்தியை மட்டும் திருவிழாக் கடையில் அதன் பளபளப்பைக் கண்டு வாங்கிவிடுகிறார். சில மாதங்களில் அதன் வாய் மழுங்குகிறது. பிறகு அலகு ஆடத் தொடங்குகிறது. வருஷ முடிவில் வேறொரு கத்தி வாங்க நேரிடுகிறது. இவ்விதம் பல கத்திகளுக்குச் சிறுகச் சிறுகச் செலவிடும் தொகையை ஒரே தடவையில் ஒரு நல்ல கத்திக்குச் செலவிட்டிருந்தால், அது அவருடைய மகன் காலத்திலும் உழைக்கும்.

நஷ்டம் கத்தியின் விலையோடு நிற்பதில்லை. மாவிலும் சப்போட்டாவிலும் ஒட்டுக் கட்டுவோர் இதனை நன்கறிவர். மரத்தின் தோலுக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய வளர்படலம் ஒன்று இருக்கிறது. ஒட்டுக்குச்சியின் படலமும் அடிச்செடியின் படலமும் இடைவெளியின்றிப் பொருந்தினால்தான் ஒட்டுப் பிடிக்கும். கூரிய கத்தி அப்படலத்தை ஒரே இழுப்பில் வழவழப்பாகச் சீவுகிறது. மழுங்கிய கத்தியோ அதை நசுக்கிவிடுகிறது. நசுங்கிய இடம் கறுத்து அழுகுகிறது. அடிச்செடியை நீர் வார்த்து வளர்த்த பல மாத உழைப்பு அந்த ஒரு வெட்டினால் வீணாகிறது. மேலும், மழுங்கிய கத்தியை அழுத்தி வெட்ட வேண்டியிருப்பதால் அது வழுக்கி விரலில் பாய்கிறது.

ஆகையால், மிதமான விலையில் உறுதியான மடக்குக் கத்தியைத் தெரிந்தெடுப்பது எப்படி என்பதை இங்கு விவரிப்போம். மிதமான விலை என்று நாம் கருதுவது ஓர் ஆளின் இரண்டு அல்லது மூன்று நாட்கூலிக்கு மேற்படாத தொகையாகும்.

1. வேலைக்கேற்ற வடிவம்

தோட்ட வேலைக்குரிய மடக்குக் கத்திகள் மூவகைப்படும். கயிறு அறுக்கவும், சாக்கைப் பிரிக்கவும், காயை அரிந்து பார்க்கவும் உதவுவது பொதுக் கத்தி. 7 முதல் 9 சென்டிமீட்டர் நீளமும், முதுகில் சுமார் 2 மில்லிமீட்டர் கனமும் உள்ள அலகு இதற்குப் போதும். வளைந்த மூக்குடையது கவாத்துக் கத்தி. சிறு கிளைகளைத் தன்பக்கம் இழுத்து அறுப்பதற்கு ஏற்றது. நேரான வாயுடையது ஒட்டுக் கத்தி. இதன் அலகில் ஒரு பக்கம் தட்டையாகவும், மற்றொரு பக்கம் மட்டும் சரிவாகவும் தீட்டப்பட்டிருப்பது வழக்கம். தட்டையான பக்கம் குச்சியோடு படிந்து செல்வதால் வெட்டு மேடுபள்ளமின்றி அமையும். இத்தகைய கத்தியை வாங்கும் இடக்கைக்காரர் இடக்கைக்கென்று தீட்டியதையே கேட்டு வாங்க வேண்டும். வலக்கைக் கத்தி அவருக்குப் பயன்படாது.

திருகுளி, கத்தரி, ரம்பம் முதலிய பல உறுப்புக்கள் சேர்ந்த கத்தியைக் கண்டு மயங்க வேண்டாம். மிதமான விலையில் உறுப்புக்கள் பெருகினால், ஒவ்வொன்றுக்கும் செலவிடப்படும் எஃகும் வேலையும் குறையும். அலகு ஒன்றாயினும் அது நன்றாயிருத்தல் வேண்டும்.

2. எஃகின் வகை

இரும்பில் கலந்துள்ள கரியின் அளவே அதன் குணத்தைப் பெரிதும் நிர்ணயிக்கிறது. நூறு பங்கில் கால் பங்குக்கும் குறைவாகக் கரியுள்ள மெதுவிரும்பு ஆணிக்கும் கம்பிக்கும் உதவும், கத்திக்கு உதவாது. அதை எவ்வளவு தீட்டினாலும் கூர் நிலைப்பதில்லை. கத்திக்குரிய எஃகில் அரைப் பங்கு முதல் ஒரு பங்கு வரையில் கரி இருத்தல் வேண்டும். இதனைக் கரி எஃகு என்பர். இது எளிதில் தீட்டத்தக்கது, கூர் நுட்பமாக அமையும், விலையும் குறைவு. ஆனால் துருப்பிடிக்கும். மாம்பாலும் எலுமிச்சைச் சாறும் வாழைக்கறையும் பட்டால் கறுக்கும். கறுப்பு நிறத்தால் கெடுதல் இல்லை. சிவந்த துருவே அலகைத் தின்பது.

துருவேறா எஃகில் குரோமியம் என்னும் உலோகம் நூறு பங்கில் சுமார் 13 பங்கு சேர்ந்திருக்கும். இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்தில் ஹாரி பிரியர்லி என்பவர் 1913-ஆம் வருஷத்தில் இத்தகைய எஃகை உருக்கியது முதல் இது கத்தித் தொழிலில் பரவலாயிற்று. கடலோரத்து உப்புக் காற்றில் வேலை செய்வோரும், கத்தியைத் தினந்தோறும் துடைத்து வைக்கும் வழக்கமில்லாதோரும் இதையே வாங்குவது நலம். மற்றையோருக்குக் கரி எஃகு போதும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. எவர்சில்வர்ப் பாத்திரம் செய்யும் தகடும் துருப்பிடிப்பதில்லை. ஆயினும் அதைச் சூடேற்றிக் கடினமாக்க இயலாது. அத்தகைய தகட்டினால் செய்த அலகு கண்ணுக்கு அழகாயிருக்கும். இரண்டு நாளில் மழுங்கும். கடைக்குச் செல்லும்போது சிறு காந்தம் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். காந்தம் சிறிதும் ஒட்டாத அலகைத் தள்ளிவிடலாம். ஒட்டுவதனாலேயே அலகு நல்லதாகிவிடாது. மற்றைச் சோதனைகளையும் செய்ய வேண்டும்.

3. தோய்ச்சல்

எஃகு நல்லதாயினும் தோய்ச்சல் தவறினால் கத்தி தவறியதே. கரி எஃகைச் சுமார் 800 டிகிரி சென்டிகிரேடு வரையில் செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் அது மிகக் கடினமாகிறது. அதோடு கண்ணாடியைப் போல் உடையும் தன்மையும் அடைகிறது. பிறகு சுமார் 200 டிகிரிக்கு மறுபடியும் சூடேற்றி ஆறவிட்டால், கடினம் சற்றுக் குறைந்து உரம் சேர்கிறது. கடினம் மிஞ்சினால் வாய் பொரியும். குறைந்தால் வாய் மடியும். ராக்வெல் 'சி' என்னும் கடின அளவையில் 55 முதல் 59 வரையில் உள்ள அலகு தோட்ட வேலைக்குப் பொருத்தமானது.

பாரவண்டியின் பழைய ஸ்பிரிங் பட்டையைக் கொண்டு உள்ளூர்க் கொல்லர் செய்யும் அலகும் தாழ்ந்ததன்று. அப்பட்டையில் போதிய கரி இருக்கிறது. தோய்ச்சல் அறிந்த கொல்லர் கையில் அது சிறந்த கத்தியாகும். அவரிடம் வாங்குவதில் மற்றொரு நன்மையும் உண்டு. பழுது நேர்ந்தால் செய்தவரிடமே திரும்பக் கொண்டுபோகலாம்.

4. மூட்டும் பூட்டும்

மடக்குக் கத்தியின் உயிர்நிலை அதன் மூட்டு. பெரும்பாலான கத்திகள் கெடுவது வாயினால் அன்று, மூட்டினாலேயாம். அலகைத் தாங்கும் ஆணி பருமனாகவும் இருபுறமும் நன்கு அறையப்பட்டும் இருத்தல் வேண்டும். ஆணிக்குப் பதிலாகத் திருகு அமைந்திருந்தால், தளர்ந்த காலத்தில் இறுக்கிக் கொள்ளலாம்.

அலகைத் திறந்த நிலையில் நிறுத்துவதற்குப் பல ஏற்பாடுகள் உண்டு. முதுகிலுள்ள வில் மட்டும் அழுத்தி நிறுத்துவது ஒன்று. 1897-ஆம் வருஷத்தில் ஸ்விட்சர்லாந்தில் கார்ல் எல்சனர் என்பவர் பதிவு செய்த பல அலகுக் கத்தி இவ்வகையைச் சேர்ந்தது. இதில் பூட்டு இல்லையாதலால், நுனியால் குத்தும் வேலைக்கு இது ஆகாது. அலகு மடங்கி விரல்களைத் துண்டிக்கக்கூடும். முதுகிலேயே கொக்கி விழுந்து பூட்டுவது மற்றொன்று. பிடியின் உட்பக்கத் தகடு நகர்ந்து அலகின் அடியைத் தாங்குவது மூன்றாவது. வளையத்தைத் திருப்பிப் பூட்டுவது நான்காவது.

எளிய அமைப்பு நீடித்து உழைக்கும் என்பதற்கு இந்நான்காவது வகையே சான்று. பிரான்சு தேசத்தில் ஆல்ப்ஸ் மலையைச் சார்ந்த சவ்வா நாட்டில், ஜோசப் ஓப்பினெல் என்பவர் 1890-ஆம் வருஷத்தில் ஒரு மடக்குக் கத்தி செய்தார். ஒரு மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, அதைச் சுற்றி ஓர் உலோகப் பட்டை. இவ்வளவே அதன் உறுப்புக்கள். அந்நாட்டுக் குடியானவர்கள் அதை விரும்பி வாங்கினர். 1955-ஆம் வருஷத்தில் திருகு வளையப் பூட்டொன்று சேர்க்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் அக்கத்தி ஏறக்குறைய அதே உருவத்தில் விற்பனையாகிறது. அதற்கும் ஒரு குறை உண்டு. மழையில் நனைந்தால் மரப்பிடி ஊதி, அலகைத் திறப்பது கடினமாகும், உலர்ந்தபின் சரியாகும். குறைகளையும் அறிந்து வாங்குபவரே பின்னர் வருந்துவதில்லை.

பூட்டு எவ்வளவு உறுதியாயினும் அதை நம்பி அலகின் முதுகில் அழுத்தலாகாது. பூட்டினுள் சேறு புகுந்தால் கொக்கி முழுதும் விழாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

5. கைப்பிடி

வேர்வைக் கையிலும் நழுவாத பிடியே நல்லது. கடினமான மரம் சிறந்தது. நாரும் பிசினும் சேர்த்து அழுத்திய பிடிகள் நீருக்கு அஞ்சுவதில்லை. மெருகிட்ட உலோகப் பிடி பார்வைக்கு அழகு. ஈரக் கையில் வழுக்கும். பிடியின் கோடியில் கயிறு கோக்கத் துவாரம் இருந்தால், வரப்பிலும் வாய்க்காலிலும் கத்தி தொலைவது குறையும்.

6. கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

(அ) அலகைத் திறந்து, பிடியை ஒரு கையிலும் அலகின் முதுகை மறுகையிலும் பற்றிப் பக்கவாட்டில் அசைக்கவும். புதிய கத்தியிலேயே ஆட்டம் காணப்பட்டால் வாங்க வேண்டாம்.

(ஆ) கண்ணுக்கு நேரே பிடித்து வாயின் ஓட்டத்தைப் பார்க்கவும். கோணல் இருத்தலாகாது.

(இ) மெதுவாக மடக்கிப் பார்க்கவும். அலகு காடியின் நடுவில் இறங்க வேண்டும். வாய் உள்ளிருக்கும் வில்லில் மோதினால், மடக்கும்போதெல்லாம் கூர் கெடும்.

(ஈ) பூட்டைப் போட்டு, விரல்களை அலகின் வழியிலிருந்து விலக்கிக்கொண்டு, முதுகை மரப்பலகையில் மெல்லத் தட்டவும். பூட்டு விடுபட்டால் அக்கத்தி ஆபத்தானது.

(உ) மெல்லிய காகிதத்தின் ஓரத்தை அரிந்து பார்க்கவும். கிழியாமல் அறுபட வேண்டும்.

(ஊ) கடைக்காரர் இசைந்தால், மூட்டுக்கு அருகில் அலகின் முதுகில் நுண்ணிய அரத்தை இலேசாக ஓட்டவும். அரம் எளிதில் கடித்தால் எஃகு மெது. வழுக்கிச் சென்றால் கடினமானது.

7. தீட்டுதலும் பாதுகாப்பும்

வாங்கிய கத்தி நீடிப்பது உடையவர் கையில் இருக்கிறது. தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் கத்தியைக் கொடுப்பது பெருந்தவறு. தண்ணீரின்றிச் சுழலும் சக்கரத்தில் வாய் நொடிப்பொழுதில் சூடேறுகிறது. தீட்டிய இடத்தில் மஞ்சள் நிறம் தோன்றினால் சுமார் 220 டிகிரியும், நீல நிறம் தோன்றினால் சுமார் 300 டிகிரியும் ஏறிவிட்டதென அறியலாம். நீலமான இடத்தில் தோய்ச்சல் இறங்கிவிட்டது. அவ்விடம் தேய்ந்து நீங்கும்வரை கூர் நிற்காது.

வீட்டிலேயே தட்டையான தீட்டுக்கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டுவதே முறை. பொதுக் கத்தியை இருபுறமும் சுமார் 20 டிகிரி சாய்வில் சம எண்ணிக்கையாகத் தீட்டவும். ஒட்டுக் கத்தியைச் சரிவுள்ள பக்கத்தில் மட்டும் தீட்டி, தட்டையான பக்கத்தைக் கல்லில் முழுதும் படியவைத்து ஓரிரு முறை இழுத்துப் பிசிரை நீக்கவும். முடிவில் பழைய தோல் வாரில் முதுகு முன்செல்லத் தடவினால் வாய் பளிச்சிடும்.

வேலை முடிந்ததும் கத்தியைக் கழுவித் துடைத்து, மூட்டில் ஒரு துளி எண்ணெய் விடவும். கனி அரியும் கத்திக்குத் தேங்காய் எண்ணெய் போதும்.

8. கத்தியினால் பரவும் நோய்

எலுமிச்சை, ஆரஞ்சு இனங்களில் எக்ஸோகார்ட்டிஸ் என்னும் நோய், கண்ணுக்குத் தெரியாத வைராய்டு என்னும் பொருளால் உண்டாகிறது. நோயுற்ற மரத்தை வெட்டிய கத்தியில் ஒட்டிய சாறு இதை அடுத்த மரத்துக்குக் கொண்டு செல்கிறது. நெருப்பில் காட்டுவதும் சாராயத்தால் துடைப்பதும் இதற்குப் போதா. துணி வெளுக்க விற்கும் பிளீச்சுத் திரவத்தில் ஒரு பங்கோடு ஒன்பது பங்கு தண்ணீரை அன்றன்று கலந்து வைத்துக்கொண்டு, மரத்துக்கு மரம் அலகைத் தோய்த்தெடுக்க வேண்டும். இத்திரவம் எஃகை அரிக்குமாதலால், வேலை முடிந்தவுடன் நல்ல நீரில் கழுவி உலர்த்தி எண்ணெய் பூசுவது அவசியம்.

முடிவுரை

மேற்கூறியவற்றின் சாரம் இதுவே. மிதமான தொகை கையிலிருக்கும்போது அதை அலகிலும் தோய்ச்சலிலும் மூட்டிலும் செலவிடுக. மெருகிலும் உறுப்புக்களின் எண்ணிக்கையிலும் செலவிடற்க. காந்தமும் காகிதமும் கொண்டு, அவசரமின்றிக் கால்மணி நேரம் சோதித்து வாங்கும் கத்தி, பல வருஷம் உழைக்கும். அடுத்த ஒட்டுக்கட்டும் பருவத்திற்கு முன்னரே நம் குடியானவர்கள் தத்தம் கத்தியை எடுத்து, இங்குக் கூறிய சோதனைகளைச் செய்து பார்ப்பார்களாக. ஆடும் மூட்டும் மழுங்கிய வாயும் தெரியவருமானால், ஒட்டுக்குச்சியில் கை வைக்கும் முன்னரே அவற்றைச் சீர்செய்து கொள்ளலாம்.