கடல் தாண்டினால் சுடும் சொற்கள்

2022 ஜூனில் அமெரிக்கப் பாடகி லிஸோ ஒரு புதுப் பாட்டை வெளியிட்டார். சில நாள்களிலேயே அதில் ஒரு சொல்லை மாற்றிப் பாடி மறுபடி வெளியிட்டார். 'ஸ்பாஸ்' என்பது அந்தச் சொல். அமெரிக்கர் பலருக்கு அது 'நிலைதடுமாறுவது, சட்டென்று வெடிப்பது' என்ற அளவோடு முடிந்துவிடும். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் அது மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தும் வசை. அடுத்த மாதமே பியான்சேயின் பாட்டிலும் அதே சொல் வந்தது. அவரும் மாற்ற நேர்ந்தது. கோல்ஃப் வீரர் டைகர் வுட்ஸ், தான் மோசமாக ஆடியதைச் சொல்ல 2006-இல் இதே சொல்லைப் பயன்படுத்தி மன்னிப்புக் கேட்டிருந்தார்.

ஒரே ஆங்கிலம்தானே, ஏன் இந்த வேறுபாடு? 'ஸ்பாஸ்' என்பது 'ஸ்பாஸ்டிக்' என்பதன் சுருக்கம்; அது தசை இறுக்கத்தைக் குறிக்கும் மருத்துவச் சொல். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்காக 1950-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் தொடங்கப்பட்ட ஓர் அமைப்பு, அந்தச் சொல்லையே பெயரில் வைத்துக்கொண்டது. அமைப்பு வளர வளர, சொல் பள்ளி மைதானத்துக்குப் போனது. பந்தைத் தவறவிட்ட பையனை மற்றவர்கள் அதைச் சொல்லிக் கேலி செய்தார்கள். 1981-இல் பிபிசியின் 'ப்ளூ பீட்டர்' சிறுவர் நிகழ்ச்சி, மூளை முடக்குவாதத்தோடு வாழ்ந்த ஜோயி டீகன் என்பவரை நல்லெண்ணத்தோடு அறிமுகம் செய்தது. பிள்ளைகள் அவர் பெயரையும் வசையாக்கிக்கொண்டார்கள். 1994-இல் அந்த அமைப்பு தன் பெயரை 'ஸ்கோப்' என்று மாற்றிக்கொண்டது. சென்னை தரமணியிலோ 'ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் தமிழ்நாடு' அதே பெயரில் இயங்குகிறது. நம் பள்ளிக்கூடங்களில் அந்தச் சொல் அப்படி வசையாகப் பரவவில்லை, அவ்வளவுதான்.

ஒரு சொல் எவ்வளவு சுடும் என்பதை அதன் அகராதிப் பொருள் சொல்லாது. அந்த ஊரில் அது யாரை அடிக்கப் பயன்பட்டது என்பதைக் கேட்க வேண்டும்.

எல்லா வேறுபாட்டுக்கும் பின்னால் இப்படி ஒரு காயம் இருப்பதில்லை. ஆஸ்திரேலியச் சுற்றுலாத் துறை 2006-இல் எடுத்த விளம்பரத்தில் 'ப்ளடி' என்ற சொல் வந்ததால், பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் அதற்குத் தடை விழுந்தது. ஆஸ்திரேலியாவில் அது அன்றாடப் பேச்சு. இது வெறும் நாகரிக வழக்கின் வேறுபாடு.

'பாக்கி' அப்படியல்ல. நம் கிரிக்கெட் ரசிகர்கள் பாகிஸ்தான் என்பதைச் சுருக்கி அப்படி எழுதுவதுண்டு. பிரிட்டனில் 1970-களில் தெற்காசியர்களைத் தெருவில் துரத்தி அடித்தவர்கள் வாயில் இருந்த சொல் அது. அடி வாங்கியவர் பாகிஸ்தானியா, குஜராத்தியா, தமிழரா என்று அவர்கள் பார்க்கவில்லை. லண்டன் நண்பருக்கு அனுப்பும் செய்தியில் அந்தச் சுருக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

'கலர்டு' என்ற சொல் இன்னும் சிக்கலானது. பிரிட்டிஷ் நடிகர் பெனடிக்ட் கம்பர்பேட்ச் 2015-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கறுப்பின நடிகர்களுக்கு ஆதரவாகப் பேசும்போதே அந்தச் சொல்லைச் சொல்லி, பிறகு மன்னிப்புக் கேட்டார். அமெரிக்கர்களுக்கு அது இனப்பாகுபாட்டுக் காலத்து அறிவிப்புப் பலகைகளின் சொல். 'பீப்பிள் ஆஃப் கலர்' என்றால் மட்டும் அங்கே குற்றமில்லை. தென்னாப்பிரிக்காவிலோ 'கலர்டு' இன்றும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கலப்பு மரபினரைக் குறிக்கும் ஒரு பிரிவு. நிறவெறி அரசு திணித்த முத்திரை என்று மறுப்பவர்கள் அங்கே உண்டு. இதுதான் எங்கள் அடையாளம் என்று பெருமையோடு சொல்லும் குடும்பங்களும் ஏராளம். அவர்களிடம் போய் அது தவறான சொல் என்று திருத்துவது அவமரியாதை.

தமிழருக்கு மிக நெருக்கமானது 'கூலி'. இங்கே அது உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம்; 2025-இல் ரஜினிகாந்த் படத்துக்கே தலைப்பானது. ஆனால் 1860-இல் மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் ஒப்பந்தத் தொழிலாளர்களை டர்பனுக்குக் கொண்டுபோன பிறகு, தென்னாப்பிரிக்காவில் அது இந்தியர் எல்லோருக்குமான இழிசொல்லாயிற்று. வழக்கறிஞர் காந்தியையும் அங்கே 'கூலி பாரிஸ்டர்' என்றுதான் அழைத்தார்கள். கயானாவிலும் டிரினிடாடிலும் இதே கதை. கயானாவில் பிறந்த எழுத்தாளர் கயூத்ரா பகதூர், ஒப்பந்தத் தொழிலாளியாகக் கப்பலேறிய தன் கொள்ளுப்பாட்டியைப் பற்றிய நூலுக்கு 2013-இல் 'கூலி உமன்' என்று பெயர் வைத்தார். தன் குடும்பத்தின் மேல் எறியப்பட்ட சொல்லை எடுத்து ஆளும் உரிமை அவருக்கு உண்டு. டர்பனுக்குப் போகும் சென்னைக்காரர், 'நம்ம சொல்தானே' என்று அதை அங்கே யாரிடமும் சொல்லிவிடக் கூடாது.